கல் கொஞ்சம் நிற்கட்டும்

பிறர் எழுதியவற்றில் பிழை பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டு 40 ஆண்டுகளுக்கு மேல் சென்னை அச்சுக்கூடங்களில் காலம் கழித்த எனக்கு, அந்தத் தொழிலின் முதற்பாடத்தைக் கற்பித்தவர் தமிழாசிரியரும் அல்லர், அச்சுக்கூடத்து மேலாளரும் அல்லர். மாமல்லபுரத்தில், ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையோரத்தில், ஒரு கீற்றுக் கொட்டகையின் நிழலில் கருங்கல்லோடு வாழ்ந்த ஸ்தபதியார் ஒருவர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தாம் செய்த விக்கிரகம் எதிலும் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளாதவர் அவர். பீடத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்திலாவது இரண்டெழுத்து வெட்டி வைக்கலாமே என்று சிஷ்யர்கள் கேட்டபோதுகூடச் சிரித்துவிட்டு உளியைக் கையில் எடுத்துக்கொண்டவர். அவர் கல்லில் வெட்டாத பெயரை நான் காகிதத்தில் அச்சிட்டு வைப்பது நியாயமாகாது.

1957-ஆம் ஆண்டு, அப்போதைய சென்னை ராஜ்யத்து அரசாங்கம், ஆலய சிற்பக் கலையை முறையாகப் பயிற்றுவிக்கும் நோக்கத்தோடு மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கிற்று. பிள்ளையார்பட்டிப் பரம்பரையில் வந்த வைத்தியநாத ஸ்தபதியார் அதற்குத் தலைமை ஏற்றார். அவருக்குப் பின் அவருடைய குமாரர் கணபதி ஸ்தபதியார் நெடுங்காலம் அப்பொறுப்பில் இருந்தார். அந்த நிலையம் வந்ததை ஒட்டி, அதிலே சேராவிட்டாலும், கலைக்கு இனி இங்கே ஓர் ஊன்றுகோல் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், தெற்குச் சீமையிலிருந்து சில கல்தச்சர் குடும்பங்கள் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தன. அவற்றுள் ஒன்று எங்கள் ஸ்தபதியாருடையது. அதே ஆண்டில்தான் என் தகப்பனாருக்கும் அவ்வூர்த் தபாலாபீசுக்கு மாற்றலாயிற்று. எனக்கு அப்போது 12 வயது. புது ஊரில் முதல் நாள் விடியற்காலையில் என்னை எழுப்பியது கடலோசை அல்ல. அலை பின்வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் எங்கிருந்தோ எழுந்து வந்த உளிச் சத்தம். அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டு போனவன், ஆறு வருஷம் திரும்பி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்கு ஓடுவேன். முதல் சில மாதங்கள் அவர் என்னை விரட்டவும் இல்லை, அழைக்கவும் இல்லை. ஒரு மூலையில், சில்லுக் கற்கள் காலில் குத்தாதபடி சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. மெலிந்த தேகம், முன்கை மட்டும் ஒரு மல்லனுடையது போல முறுகியிருக்கும். இடக்கையில் உளியைப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு காய்ப்பு. அதிகம் பேச மாட்டார். பேசினாலும், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே நாலைந்து அடிகள் கல்லில் விழும்.

தம்முடைய சரித்திரத்தையும் அவர் அப்படித்தான், துண்டு துண்டாக, பல மாலை வேளைகளில் எனக்குச் சொன்னார். 1916-இல் காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பாட்டனார் காலத்தில் நகரத்தார் பெருமக்கள் பாடல் பெற்ற தலங்களுக்கெல்லாம் திருப்பணி செய்துகொண்டிருந்தார்கள். கொட்டிலில் அடுப்பு அணைந்தாலும் உலை அணையாத காலம் அது. ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்து, தாய்மாமனுடைய பட்டறையில் சேர்ந்தார். சேர்ந்தவுடன் சிற்பம் செதுக்கக் கொடுத்துவிடுவார்களா? முதல் மூன்று வருஷம் துருத்தி ஊதுவதும் உளி காய்ச்சுவதும்தான் வேலை. கருங்கல்லிலே வேலை செய்கிறவனுக்கு ஒரு பொழுதுக்குள்ளேயே பல உளிகள் மழுங்கிப் போகும்; அவற்றையெல்லாம் உலையில் பழுக்கக் காய்ச்சி, நுனியைத் தட்டிக் கூராக்கி, தோய்ச்சல் கொடுக்க வேண்டும்.

அந்தத் தோய்ச்சலை அவர் எனக்குச் செய்து காட்டிய மாலை இப்போதும் கண்ணில் நிற்கிறது. செக்கச் செவேலென்று காய்ந்த உளியின் நுனியை மட்டும் ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீரில் தோய்த்து எடுத்தார். நுனி கறுத்துவிட்டது, ஆனால் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. நுனியைக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பளபளப்பாக்கிவிட்டு, கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காத்திருந்தார். உடம்பின் சூடு மெல்ல மெல்ல நுனியை நோக்கி இறங்க, அதன் முன்னால் ஒரு நிறம் ஓடி வந்தது. முற்றிய வைக்கோலின் நிறம். அது நுனியைத் தொட்ட கணத்தில் உளி மறுபடியும் தண்ணீருக்குள் போயிற்று. "ஒரு இமை முந்தினா, அடிச்சவுடனே உடையும். ஒரு இமை பிந்தினா, மழுங்கிடும். அந்த நெறத்தப் பாக்கறதுக்குத்தான் தம்பி மூணு வருஷம்" என்றார். காத்திருப்பதும் ஒரு தொழிலின் அங்கமாக இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் அறிந்தேன்.

கல் தேர்வதற்குப் போகும்போது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். செங்கற்பட்டுக்கு அப்பால் உள்ள ஒரு குன்றின் அடிவாரத்தில், பாறைமேல் வரிசையாகக் குழியிட்டு ஆப்பு இறக்கிப் பிளந்த கற்கள் கிடக்கும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கல்மீது ஏறுவார். சிறு சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பார். கோயில் மணிபோலக் கணீரென்று நாதம் நின்று ஒலித்தால் ஆண் கல், அது சுவாமிக்கு. தாளத்தைத் தட்டினாற்போல இனிமையாக ஒலித்தால் பெண் கல், அது அம்பாளுக்கு. ஓசையே எழாமல் அடி அமுங்கிப் போனால் அது இரண்டும் அல்லாத கல், தளத்துக்கும் படிக்கும் ஆகும். பால சிலை, யௌவன சிலை, விருத்த சிலை என்று வயதும் பார்ப்பார். முற்றாத கல்லும் ஆகாது, மூத்த கல்லும் ஆகாது, யௌவனமாக இருக்க வேண்டும். பாறை படுத்திருக்கும் நிலையில் எந்தப் பக்கம் பூமியை நோக்கி இருந்ததோ அதுவே முகம் என்றும், வெயிலும் மழையும் தின்ற மேற்பக்கம் முதுகு என்றும் அடையாளமிடுவார். இவையெல்லாம் சிற்ப சாஸ்திரங்களில் உள்ள லக்ஷணங்கள் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் சிறுமனத்தில் பதிந்தது வேறு: உளியை எடுக்கும் முன்பே இந்த மனிதர் கல்லிடம் இத்தனை கேள்விகள் கேட்கிறாரே என்ற ஆச்சரியம்.

கல் பட்டறைக்கு வந்ததும் காவி தோய்த்த நூலைப் பிடித்து நடுவிலே ஒரு கோடு அடிப்பார். அது பிரம்ம சூத்திரம். அதற்கு இருபுறமும் மற்றச் சூத்திரங்கள் விழும். உருவத்தின் மொத்த உயரத்தைச் சுவாமிக்கு 124 அம்சமாகவும், அம்பாளுக்கு 120 அம்சமாகவும் பகுத்துக்கொண்டு, ஒவ்வோர் அங்கத்துக்கும் இத்தனை அம்சம் என்ற பிரமாணப்படி புள்ளி வைப்பார். உத்தம தசதாளம் எனப்படும் அந்த 124 அம்ச அளவில் தொடைக்கு 27, முழங்காலுக்கு 4, கணைக்காலுக்கு 27, பாதத்துக்கு 4 என்று கூட்டிப் பார்த்தால் 62 வரும்; அதாவது முழு உயரத்தில் நேர்பாதி. இதை நான் கூட்டிச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய எந்தப் பரிசும் அந்த மலர்ச்சிக்கு ஈடாகவில்லை.

அளவு இவ்வளவு நுட்பமாக இருக்க, அவர் வேலை தொடங்கும்போது எந்த அளவையும் தொட மாட்டார் என்பதுதான் எனக்கு வெகுநாள் விளங்காத புதிராக இருந்தது. கோடு இங்கே இருக்கிறது. அவருடைய உளியோ கோட்டுக்கு ஒரு விரற்கடை வெளியே நின்றுவிடும். மூக்கு இருக்க வேண்டியதைவிடப் பெரியதாகவும், கண் இருக்க வேண்டியதைவிடச் சிறியதாகவும், உதடு தடித்தும், இடை பருத்தும், உருவம் பல வாரங்கள் ஒரு கனவு கலைவதுபோல மங்கலாகவே நிற்கும். "கோடு வரைக்கும் வெட்டிட்டா என்ன ஐயா?" என்று ஒரு நாள் கேட்டேன். "மூக்கு பெருசா இருந்தா நாளைக்குச் சிறுசாக்கலாம். சிறுசாயிட்டா பெருசாக்க முடியுமா? கண்ணு சிறுசா இருந்தா பெருசாக்கலாம், பெருசானதைச் சிறுசாக்க முடியாது. கல்லு கொஞ்சம் நிக்கட்டும், தம்பி" என்றார்.

"கல்லு கொஞ்சம் நிக்கட்டும்." கொட்டகையில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்த வாக்கியம் கேட்கும். அங்கங்களுக்கு நடுவே, கைக்கும் உடலுக்கும், விரலுக்கும் தோளுக்கும் இடையே, அறுந்து போகாமல் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்படி விடப்பட்ட கல்லைத்தான் அவர் அப்படிச் சொல்வார். கடைசி நாள்வரை அது நிற்கும். மெருகேற்றும் சமயத்தில்தான் சிறிய உளியால், அடிக்கிறாரா தடவுகிறாரா என்று தெரியாதபடி, அதைக் கரைத்தெடுப்பார்.

இந்தப் பாடத்தை அவர் எனக்கு விளக்கியது சொல்லால் மட்டும் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, யாத்திரிகர் கூட்டம் எட்டிப் பார்க்காத வலையன்குட்டை ரதத்துக்கும் பிடாரி ரதங்களுக்கும் என்னை அழைத்துக்கொண்டு போனார். பல்லவர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்து, மேல் தளங்களை முடித்து, கீழ்ப்பகுதியைப் பாறையாகவே விட்டுவிட்டுப் போன இடங்கள் அவை. முற்றுப்பெறாத குடைவரை ஒன்றையும் காட்டினார். அதன் பாறை முகம் சதுரம் சதுரமாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் பள்ளம் வெட்டப்பட்டு, நடுவிலுள்ள கல் தட்டி எடுக்கப்படுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. 1,300 வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறது! முடிந்த சிற்பத்தைப் பார்த்து ரசிக்கலாமே ஒழியக் கற்றுக்கொள்ள முடியாது என்றும், முடியாததில்தான் அந்தக் கைகள் எப்படி யோசித்தன என்பது தெரியும் என்றும் அவர் சொன்னார். அந்தச் சதுரங்களைத் தம் விரல்களால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார், உறவினர் வீட்டுப் பிள்ளைகளின் தலையைத் தொடுவது போல.

இனி, சொல்ல வேண்டாம் என்று மனம் தடுத்தாலும் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாத ஒரு சம்பவத்துக்கு வருகிறேன்.

1960-ஆம் ஆண்டு, நவராத்திரி விடுமுறை. செய்யாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர்ச் சிவாலயத்துக்காக மூன்றரை அடி உயர அம்பாள் விக்கிரகம் ஒன்று கொட்டகையில் முடியும் தறுவாயில் இருந்தது. ஏழு மாத வேலை. திரிபங்கமாக நின்ற கோலம். இடக்கை லோலஹஸ்தமாகத் தொங்க, வலக்கை மலர் பிடிக்கும் கடக ஹஸ்தமாகத் தோளருகே உயர்ந்திருந்தது. அந்த விரல்களுக்கும் தோளுக்கும் நடுவேதான் அவர் வழக்கம்போலக் கொஞ்சம் கல்லை நிறுத்தியிருந்தார். எனக்கு 15 வயது. மூன்று வருஷப் பழக்கம். சில நாட்களாக அம்பாளின் பீடத்துப் பத்ம இதழ்களைத் தேய்த்து மெருகிடும் வேலையையும் எனக்குக் கொடுத்திருந்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். மற்றவர்கள் கொட்டகைக்கு வெளியே படுத்திருந்தார்கள். அந்தச் சிறு கல் இல்லாவிட்டால் அம்பாளின் விரல்கள் எவ்வளவு அழகாகத் தனித்து நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் திரும்பி வரும்போது அது எடுக்கப்பட்டிருந்தால், எடுத்தது நான்தான் என்று தெரிந்தால், முகம் மலருமே என்றும் தோன்றியது. சிறிய உளியை எடுத்தேன். நாலு அடி சரியாக விழுந்தது. ஐந்தாவது அடியில் சத்தம் மாறிற்று.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்த கல், தொண்டை அடைத்தாற்போல ஒருமுறை ஒலித்து நின்றுவிட்டது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலின் நுனியும் என் காலடியில் கிடந்தன.

அவர் வந்தார், பார்த்தார். என்னைக் கேட்கவில்லை, என் கையில் உளி இருந்தது. குனிந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து, உடைந்த இடத்தில் ஒருமுறை பொருத்திப் பார்த்தார். ஒட்டவைக்க அல்ல, எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் அடி விழுந்தது என்று அறிய. பிறகு ஒரு ஈரத் துணியை எடுத்து அம்பாளின் முகத்தை மூடினார். பின்னமான உருவம் பூஜைக்கு ஆகாது. ஏழு மாதமும், அந்தக் கல்லும், கூலியும், அந்த ஊராரின் முகூர்த்தமும் ஐந்தாவது அடியில் போயின.

மறுநாள் அவர் அந்த ஊருக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்று அழுதேன், அழைத்துக்கொண்டு போனார். ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "என் பட்டறையில பின்னமாயிடுச்சு. கல்லு என்னுடையது, கூலியும் என்னுடையது. ஆனி மாசத்துக்குள்ள வேற அம்பாள் தர்றேன்" என்றார். யார் கை என்று அவர்கள் கேட்டபோது, "பட்டறை என்னுது" என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. தை மாதத்துக்கு நிச்சயித்திருந்த கும்பாபிஷேகம் ஆனிக்குத் தள்ளிப்போயிற்று. அந்த வருஷம் அவருடைய வீட்டுத் தொழுவத்திலிருந்து பசுவும் கன்றும் மறைந்தன. அவருடைய மனைவி, நான் பெரியம்மா என்று அழைத்த அந்த உத்தமி, எனக்குக் கொடுக்கும் மோரை மட்டும் நிறுத்தவில்லை. எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்தாள்.

என்னை அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை என்று சொன்னால் அது மிகையாகாது. கோபம் அவருக்கு வராததல்ல. வந்த கோபத்தையும் அவர் முழுவதும் வெட்டிவிடாமல், கொஞ்சம் கல்லை நிறுத்தினாற்போல, தமக்கும் எனக்கும் நடுவே நிறுத்தி வைத்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு ஒரே வெட்டில் என்னைத் துண்டித்திருந்தால், உடைந்த விரலைப்போல நானும் திரும்ப ஒட்டியிருக்க மாட்டேன். ஒரு வாரம் கழித்து ஓர் அம்மிக் கல்லைக் காட்டி, "இதைக் கொத்து" என்றார். ஆறு மாதம் ஊர் வீடுகளின் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தினேன்.

இரண்டாவது அம்பாள் உருவாகிக்கொண்டு வந்தாள். அதே அளவு, அதே பங்கம், அதே ஹஸ்தம். ஆனால் வலக்கை விரல்களுக்கும் தோளுக்கும் நடுவே நிறுத்திய கல்லை மட்டும் இம்முறை அவர் கரைத்தெடுக்கவில்லை. நாள் முழுவதும் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு விடியற்காலையில் காவியால் அதன்மேல் இரண்டு கோடுகள் இழுத்தார். மறுநாள் பார்க்கும்போது அந்தக் கல் ஒரு நீலோற்பலத்தின் தண்டாகியிருந்தது. விரல்களின் நடுவிலிருந்து புறப்பட்டு வளைந்து போய், தோள்மேல் பாதி விரிந்த மலராகச் சாய்ந்திருந்தது. விரல்களை மலர் தாங்குகிறதா, மலரை விரல்கள் தாங்குகின்றனவா என்று சொல்ல முடியாது.

கண் திறக்கும் நாளில் நானும் இருந்தேன். திரைக்கு உள்ளே அவர் மட்டும் சென்று, பொன்னூசியால் கருவிழிக் கோட்டை எழுதினார். அம்பாளின் முதற்பார்வை படுவதற்குக் கண்ணாடியும், பசுவும் கன்றும், தானியக் குவியலும் எதிரே வைக்கப்பட்டன. அதன்பின் ஜலாதிவாசம், தான்யாதிவாசம் முதலிய கிரியைகள் நடந்தன. அந்தக் கணத்திலிருந்து அவர் அந்த விக்கிரகத்தைத் தொடவில்லை. நேற்றுவரை தம் முழங்காலை அதன்மேல் ஊன்றி வேலை செய்தவர், இன்றைக்கு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நின்று கும்பிட்டார்.

பள்ளி இறுதி வகுப்பு முடிந்ததும் என்னை உட்காரவைத்து அவர் சொன்ன வார்த்தைகள் கடுமையானவைதாம். ஆனால் அவற்றைவிட எனக்கு நன்மை செய்த வார்த்தை வேறில்லை. "உன் கை அவசரக் கை, தம்பி. கல்லுக்கு ஆகாது. ஆனா உன் கண்ணு நல்ல கண்ணு. அன்னைக்கு அம்பாளோட மகர குண்டலம் ரெண்டும் மயிரிழை வித்தியாசம்னு சொன்னியே, என் ஆளுங்க யாரும் பாக்கலை. தப்பைப் பாக்கறதுக்குன்னு ஏதாவது உத்தியோகம் இருக்கும், தேடிப் பாரு" என்றார். 1963-இல் சென்னைக்கு வந்து, தங்கசாலைப் பக்கத்து அச்சுக்கூடம் ஒன்றில் புரூப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்தை இடுக்கியால் பிடுங்கி வேறு எழுத்தைச் செருகும்போதெல்லாம், இவ்வளவு சுலபமாக ஒரு பிழையைத் திருத்திவிட முடிகிறதே என்று எனக்கு அந்த இரண்டு விரல்கள் ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகு நாட்டில் கல்வேலைக்கு ஒரு நல்ல காலம் வந்தது. 1970-இல் குமரி முனையில் விவேகானந்தர் நினைவு மண்டபம் எழுந்தது. எங்கள் ஸ்தபதியாருடைய சிஷ்யர்கள் இருவர் அங்கே உளி பிடித்தார்கள். சென்னையில் வள்ளுவர் கோட்டம் கட்டப்பட்டபோது அவரே ஒரு கூட்டத்தோடு வந்து, திருவாரூர்த் தேரைப்போல எழுந்துகொண்டிருந்த அந்தக் கல் தேரில் சில மாதங்கள் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வந்து தங்குவார். ஒரு நாள் நான் கேலி புரூப் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தேன். நீண்ட காகிதத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஓரத்தில எதுக்கு இவ்வளவு எடத்தைச் சும்மா விட்டிருக்கீங்க?" என்று கேட்டார். பிழை இருந்தால் குறிப்பதற்காக என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எத்தனையோ வருஷத்துக்கு முன் 62 என்று கூட்டிச் சொன்னபோது மலர்ந்த அதே முகத்தோடு, "அப்போ நீங்களும் கல்லு விட்டுத்தான் வைக்கிறீங்க" என்றார்.

அன்று மாலை அவரோடு வள்ளுவர் கோட்டத்துக்குப் போனேன். 1,330 குறட்பாக்களையும் கல்லில் வெட்டும் ஏற்பாட்டைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே வர, எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இடுக்கியால் பிடுங்க முடியாத எழுத்துகள்! அச்சில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே அடுத்த பதிப்பு ஏது? "அதனாலதான் தம்பி, எழுதிப் பாத்து, படிச்சுப் பாத்து, அப்புறம் வெட்டறோம்" என்றார். பிழை நேர்ந்தபின் திருத்துகிறவனுக்கும் பிழை நேராதபடி முன்கூட்டியே நிற்கிறவனுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அன்று நான் உணர்ந்தேன். அன்று முதல் எந்த அச்சுப் பாரத்தையும் மூன்று முறை படிக்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை.

வயது ஏற ஏற அவருடைய இருமலும் ஏறிற்று. கல்தூள் நெஞ்சில் தங்கிச் செய்யும் கேடு கல்தச்சர் குடும்பங்களுக்குப் பழைய பகைதான். ஆயினும் உளியின் வாயிலிருந்து சில்லாகத் தெறித்து மண்ணில் விழுந்துகொண்டிருந்த கல், மின்சாரத்தால் சுழலும் அறுப்புச் சக்கரங்கள் வந்தபின், மாவாகப் பறந்து கொட்டகை முழுவதும் மிதக்கலாயிற்று. பத்து நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது. இளைஞர்களின் நெஞ்சும் அதே வேகத்தில் தேய்ந்தது. யந்திரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கூலிக்குப் பிழைக்கிறவனிடம் அப்படிச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டிக்கொள்ளும்படி ஒவ்வொருவனிடமும் மன்றாடினார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கும்படி கட்டாயப்படுத்தினார். யந்திரத்தைக் குறித்து அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று: அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, கோட்டைத் தொட்டுவிடும் என்பார்.

2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, குமரிக் கடலில் கணபதி ஸ்தபதியாரின் தலைமையில் உருவான திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே எங்கள் ஸ்தபதியாரை ரயிலில் அழைத்துக்கொண்டு போனேன். 84 வயது, கரையில் ஒரு கல்மேல் உட்காரவைத்தேன். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95 அடித் திருவுருவம், ஆக 133 அடி என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு கல்லை அடுக்கி, அதுலயும் இடுப்பை ஒசிச்சு நிறுத்தியிருக்காரே! நேரா நிறுத்தறது யாருக்கும் வரும்" என்றார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினார். வள்ளுவரைக் கும்பிட்டாரா, அந்த ஒசிவைக் கும்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. நடராஜர் தூக்கிய திருவடியைச் செய்தவனும் பார்த்தவனும் ஒரே விதமாகத்தானே கும்பிடுகிறார்கள்.

மூன்று வருஷத்துக்குப் பின் ஒரு மார்கழி விடியற்காலையில் அவர் காலமானார். கொட்டகையில் முடியாத வேலைகள் நாலைந்து இருந்தன. பெரிய மூக்குகளும் சிறிய கண்களுமாக அவை நின்றிருந்தன. அவருடைய மூத்த சிஷ்யர் ஒருவர், கருமாதி முடிந்து மூன்று நாள் கழித்து, அவற்றில் ஒன்றன்முன் உட்கார்ந்தார். தாராளமாகக் கல் நின்றிருந்ததால் குருவின் கை எங்கே விட்டதோ அங்கிருந்து இன்னொரு கை எடுத்துக்கொள்ள முடிந்தது. அவசரப்பட்டுக் கோடுவரை வெட்டியிருந்தால் அந்த உருவங்கள் அவரோடு முடிந்திருக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி மாதத்தில், செய்யாற்றங்கரை ஊருக்கு நான் போவதுண்டு. அந்த ஆலயம் பெரியதல்ல, கூட்டமும் இராது. எண்ணெய்யும் பாலும் பட்டுப் பட்டு அம்பாளின் திருமேனி இப்போது அன்றைக்கு நான் தேய்த்ததைவிட மிருதுவாக மின்னுகிறது. சென்ற ஆண்டு எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள், தன் பேத்தியைத் தூக்கிப் பிடித்து, "அம்பாள் கையில பூவைப் பாரு, காம்போட எப்படிச் சாய்ஞ்சிருக்கு பாரு" என்று காட்டினாள். குருக்கள் தீபத்தை மேலே உயர்த்தினார். பாதத்திலிருந்து இடைக்கும், இடையிலிருந்து மார்புக்கும் ஏறிய வெளிச்சம், வலக்கையருகே வந்ததும் ஒரு கணம் தங்கிற்று. விரலுக்கும் தோளுக்கும் நடுவே, அரை விரற்கடை கனத்தில், அந்தக் கல் நின்றுகொண்டிருந்தது.